பக்கத்து வீட்டு மோட்டார்

அத்தியாயம் பதினொன்று

விடிவதற்கும் வெளிச்சம் வருவதற்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொழுது இருக்கிறது. அந்தப் பொழுதில் மூத்தவள் கண்ணைத் திறக்காமலே விழித்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தாள்.

மேடேறும் வண்டி போல முக்கி முனகிச் சத்தம் உச்சிக்கு வரும். வந்து, சட்டென்று நின்றுவிடும்.

நின்ற பிறகு வருகிற மௌனம்தான் பெரிது. அதில் வீடே மிதக்கும். ஜன்னல் திரை ஆடாது. குழாயில் திரண்ட சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருக்கும். அம்மா எழுந்து உட்காரும்போது கட்டில் கிறீச்சிடுவது கேட்கும். பிறகு பெரிய விக்கல் ஒன்றோடு சத்தம் மறுபடி கிளம்பும். அம்மா படுத்துக்கொள்வாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் யாரும் குறட்டை விடுவதில்லை. அது அந்தக் குடும்பத்தின் முடிந்த முடிவு. விருந்தாளிகள் யாராவது காலையில் கேட்டால், அது பக்கத்து வீட்டு மோட்டார். மாஸ்டரே ஒரு தடவை நேரில் போய், “உங்க மோட்டாரைக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா? எங்க வீட்டுல யாராலும் தூங்க முடியலைன்னு சொல்றாங்க” என்று கேட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பண்பாடு தெரிந்த மனிதர். “ரிப்பேருக்குச் சொல்லியிருக்கேன் சார்” என்று கைகூப்பி அனுப்பி வைத்தார். அவர் வீட்டில் மோட்டாரே கிடையாது.

மூச்சு நின்று நின்று வருகிறது, இரவில் ஒரு மிஷினை மாட்டிக்கொண்டு தூங்குங்கள் என்று டாக்டர் சொன்னார். மாஸ்டர் டாக்டரை மாற்றிவிட்டார்.

மூத்தவள் கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டு, மிஷின்களுக்குக் கையேடு எழுதும் டெக்னிக்கல் ரைட்டராகப் போன கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். “என் மகள் எழுத்தாளர்” என்று அப்பா உறவு முழுக்கச் சொல்லி வைத்ததும், சபை நடுவே மாமா “எங்கே, உன் புத்தகம் ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் குடேன்” என்று கை நீட்டியதும், அவள் பையிலிருந்து மிக்சிக்கான கையேட்டை எடுத்துக் கொடுத்ததும் போன வாரம். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த மாமா, “பேரே காணோமே!” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளோடு நேராகப் பேசவும் இல்லை.

காலை மேஜையில் அம்மாதான் இரண்டு பேருக்கும் நடுவே டெலிபோன்.

“தலை கனக்குதுன்னு சொன்னீங்களே, மாத்திரை தரவா?” என்றாள் அம்மா.

“என் தலைக்கு ஒண்ணும் இல்ல. பேப்பர்காரன்தான் எழுத்தைச் சின்னதாக்கிட்டான்.” அப்பா நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார்.

“நேத்து கண்ணாடிக்கடைக்காரன், இன்னைக்குப் பேப்பர்காரன்” என்றான் தம்பி. “நாளைக்கு யாரு மாட்டப் போறாங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா, அவரு ஊரை விட்டு ஓடிடுவார்ப்பா.”

“வாயை மூடிட்டு ரொட்டியைத் தின்னுடா.” அப்பா அம்மா பக்கம் திரும்பினார். “இன்னைக்கு அவளுக்கு ஏதோ பரீட்சையாமே?”

“எனக்கு இல்ல, புத்தகத்துக்கு” என்றாள் மூத்தவள்.

“புத்தகத்துக்காம்” என்றாள் அம்மா, மகள் வேறு ஊரில் இருப்பது போல.

“மிஷினை முன்னப்பின்ன பார்க்காத மூணு பேர் வருவாங்கம்மா. நான் எழுதினதை மட்டும் படிச்சு, வேற யாரையும் கேக்காம, அவங்களே அதை மாட்டி ஓட வைக்கணும். ரெண்டு பேர் முடிச்சுட்டா எனக்கு வேலை நிரந்தரம். இல்லைன்னா இந்த மாசத்தோட சரி.”

“என்ன மிஷின்னு கேளு.”

மூத்தவள் வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள். “ஏதோ காத்தடிக்கிற மிஷினாம்.”

தம்பிக்குப் புரையேறியது.

“அதுலயாவது பேர் போடுவாங்களான்னு கேளு.”

“போட மாட்டாங்க” என்றாள் மூத்தவள்.

அப்பா பேப்பரை நாலாக மடித்தார். “பேரை மறைச்சுக்கிட்டு ஒரு காரியம் செய்யறது இந்த வீட்டுல பழக்கமில்ல. ஒரு ரயிலைக் கூட நான் கையெழுத்துப் போடாம அனுப்பினதில்ல.”

“தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினீங்களே ஒரு ரூல் புக், அதுல யாரு பேர் இருந்துச்சு?” என்றாள் அம்மா, தட்டுகளை எடுத்துக்கொண்டே.

“அது… அது ரயில்வே!” என்று சொல்லி அப்பா எழுந்துவிட்டார்.

எழுந்தவர் திரும்பிப் பார்க்காமல் இரண்டு கைகளையும் பின்பக்கமாக நீட்டினார். அம்மா எங்கிருந்தோ வந்து கோட்டை மாட்டினாள். காலரை இழுத்துவிட்டாள். கழுத்துப் பித்தானைப் போட்டாள். முப்பது வருஷமாக நடக்கிற காரியம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

“கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு எங்கே?” என்றாள் அம்மா.

“ஒரு ஆளைப் பார்க்கணும்” என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அவரிடம் பதில் வாங்கினவர்கள் இல்லை.

*

அலுவலகத்தின் நடுவில் ஒரு படுக்கையறை இருந்தது.

உள்ளே கட்டில், மெத்தை, மங்கலான விளக்கு, நீலத் திரை. திரையை விலக்கினால் ஜன்னல் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே சுவர் இருக்கும். சுவரில் யாரோ வானம் வரைந்து வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் அந்த அறைக்குள் எப்போதும் சாயங்காலம்தான். கட்டிலுக்கு எதிரே பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அதில் தன் முகம் தெரியும். அடுத்த அறையின் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் ஜன்னல்.

அந்த இருட்டில் மூத்தவளும் அவளுடைய மேலாளர் கத்தரி மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். பேருக்குக் காரணம், அந்த அம்மாள் கையில் கிடைத்த எந்தப் பக்கமும் பாதியாகத்தான் திரும்பி வரும். “ஒரு படிக்கு ஒரு வேலை. எச்சரிக்கை முதல்ல, செயல் அப்புறம். கையைச் சுட்டுக்கிட்டவங்ககிட்ட ‘சூடா இருக்கும்’னு சொல்லி என்ன பிரயோஜனம்?” என்பது அவள் போடும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம்: சோதனை நடக்கும்போது எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. “நாளைக்கு ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் உன்னால கூடவே போக முடியாது. உன் பேச்சு பேப்பரோட முடிஞ்சுது.”

கையேட்டின் முதல் வரிதான் இரண்டு பேருக்கும் நடுவே சண்டை. ‘உங்கள் மூச்சு நிற்பதை நீங்கள் அறிய மாட்டீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் அறிவார்’ என்று மூத்தவள் ஆரம்பித்திருந்தாள்.

“இது கையேடு. கடிதாசி இல்ல” என்றாள் கத்தரி மேடம். “யாராவது ஒருத்தர் இதைப் படிச்சு முகம் சுளிக்கட்டும், வெட்டிடறேன்.”

முதலில் வந்தவர் இரவுப் பேருந்து ஓட்டுநர். கூடவே மனைவியும் வந்திருந்தாள். அவர் படிக்க, அவள் முகத்தில் மாட்டும் மாஸ்க்கின் பின்பட்டையைப் பிடிக்க, இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார்கள். மிஷின் மெல்ல மூச்சு விட ஆரம்பித்தது. கத்தரி மேடம் ஒரு டிக் போட்டாள்.

இரண்டாவது, ஒரு நூலகர் அம்மாள். தனியாக வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

“பக்கத்துலயா? பக்கத்துல எனக்குத் தலகாணிதான் இருக்கு.”

உள்ளே துணைக்கு ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அவளும் பதில் சொல்லக் கூடாது.

அம்மாள் ஒவ்வொரு படியாகச் சரியாகத்தான் செய்துவந்தாள். குழாயைச் செருகினாள். தண்ணீர் ஊற்றினாள். ‘பின்பட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள, முன்பட்டையைப் பூட்டுங்கள்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“ஒருவர்னா யாரு?”

 அவளே முயன்றாள். ஒரு கையால் பின்னால் பிடித்தால் முன்னால் நழுவியது. முன்னால் பிடித்தால் மாஸ்க் ஏறி நெற்றியில் உட்கார்ந்தது. காற்று நாலு பக்கமும் சீறியது. மிஷின் பீப் பீப் என்று புகார் சொன்னது.

“மன்னிச்சுக்கோங்க” என்றாள் அம்மாள், மிஷினைப் பார்த்து. “எனக்குத்தான் சாமர்த்தியம் போதல.”

இருட்டில் மூத்தவள் தன் முழங்காலை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு இல்லம்மா, எனக்குத்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் தலைமுடியைச் சரி செய்துகொண்டு, தோற்றுப்போன குழந்தை மாதிரி எழுந்தாள்.

“எதுக்காக இந்த மிஷினைப் பத்தி விசாரிச்சீங்க?” என்று நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“காலைல தலை கனம். வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். வெயில்னு நினைச்சுக்கிட்டேன். எதிர் வீட்டு ரேடியோன்னு கூட நினைச்சேன், பாவம்.”

கதவு சாத்திக்கொண்டது. கத்தரி மேடம் பென்சிலை வைத்தாள். “ஒண்ணு பாஸ், ஒண்ணு இல்ல. மூணாவது ஆள் சாப்பாட்டுக்கப்புறம் வரும். மாத்தறதா இருந்தா அதுக்குள்ள மாத்து.”

*

மூத்தவள் சாப்பிடப் போகவில்லை. யாரும் இல்லாத அந்தப் படுக்கையறைக்குள் போய், கட்டிலில் படுத்து, மாஸ்க்கை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள்.

வரைந்த வானம். போகாத சாயங்காலம். கண்ணை மூடினதும் மெத்தை நகரத் தொடங்கியது போல இருந்தது. ரயிலில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு போன சின்ன வயது ஆட்டம். ஆட்டத்தின் நடுவே ஒரு பிளாட்பாரம் வந்தது. அதில் அப்பா முதுகைக் காட்டி நிற்கிறார். இரண்டு கைகளையும் பின்பக்கமாக, இறங்கப் போகிற கொக்கு மாதிரி நீட்டியிருக்கிறார். கோட்டு வரவில்லை. ரயில் போகிறது, அவர் அப்படியே நிற்கிறார். நீட்டின கைகள் நீட்டினபடி.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பிறந்த வீட்டில் கைகள் எப்போதும் பின்னாலிருந்து வந்தன. கேட்காமலே வந்தன. அதனால்தான் யோசிக்காமல் ‘ஒருவர் பிடித்துக்கொள்ள’ என்று எழுதினாள். உலகத்தில் எல்லா வீட்டிலும் ஒரு அம்மா நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்துவிட்டாள்.

மறுபடி கண்ணை மூடினாள். யாரும் இல்லாத ஒரு வீட்டை மனதில் கட்டினாள். அதில் தான் மட்டும். அந்த இருட்டில் கைகளையே யோசிக்க விட்டாள். நழுவியது. மறுபடி. நழுவியது. கடைசியில் கைகள் மாஸ்க்கை மடிக்குக் கொண்டுவந்தன.

‘மாஸ்க்கை மடியில் வைத்து, பட்டைகளைத் தளர்வாகப் பூட்டுங்கள். தொப்பியைப் போலத் தலை மேலிருந்து இறக்குங்கள். காதுக்குக் கீழே தொங்கும் இரண்டு முனைகளையும் முன்பக்கமாக இழுங்கள்.’

ஒருவர் போதும்.

பிறகு முதல் வரிக்குப் போனாள். பக்கத்தில் படுத்திருப்பவரை எடுத்துவிட்டாள். அங்கே இப்படி எழுதினாள்: ‘உங்கள் மூச்சு நிற்பதை நீங்கள் அறிய மாட்டீர்கள். காலையில் தலை கனக்கும். அதற்கு வேறு யார் மீதாவது பழி போட்டுக்கொண்டிருப்பீர்கள்.’

கத்தரி மேடம் படித்தாள். பென்சிலை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, காதில் செருகிக்கொண்டாள்.

*

கதவு திறந்தது. கழுத்தில் மூன்றாம் நம்பர் அட்டையோடு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் மூத்தவளுக்கு மூச்சு நின்றது.

கோட்டு. இழுத்துவிட்ட காலர். நேராக நிமிர்ந்த முதுகு.

நடந்தது இதுதான். தன் மகள் பெயரைப் புத்தகத்தில் போட வேண்டும் என்று அதிகாரியிடம் முகத்துக்கு நேராகக் கேட்க, யாரிடமும் வழி விசாரிக்காமல் தேடி அலைந்து மதியத்துக்கு வந்து சேர்ந்திருந்தார் ஸ்டேஷன் மாஸ்டர். வரவேற்பில் இருந்த பெண் மூன்றாவது ஆளுக்காகக் காத்துக் காத்துச் சலித்திருந்தாள். வயதும் நடையும் பார்த்து, “வாங்க சார், எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க” என்று அட்டையை மாட்டிவிட்டாள். தனக்காக எல்லோரும் காத்திருப்பதில் மாஸ்டருக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இது என்ன அட்டை என்று கேட்பது தகுதிக்குக் குறைவு. நேராக நடந்து வந்துவிட்டார்.

கட்டிலைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். டாக்டர் காட்டின படத்தில் இருந்த அதே குழாய். முகம் இறுகியது. திரும்பி ஒரு அடி வைத்தார்.

“நாங்க யாரும் உதவி செய்ய மாட்டோம் சார்” என்றாள் நர்ஸ், பணிவாக. “எல்லாம் இந்தப் புத்தகத்துலயே இருக்கு.”

புத்தகம் என்ற சொல் அவரை நிறுத்தியது. கையில் வாங்கினார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை. முதல் பக்கத்தைத் திறந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசையப் படித்தார்.

விரல் நின்றது. இன்னொரு கை தானாக நெற்றிக்குப் போனது.

“மேடம், அவர்…” என்று மூத்தவள் எழுந்தாள்.

கத்தரி மேடம் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். “ஷ்! ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். ஷூக்களைக் கழற்றித் தண்டவாளம் போல இணையாக வைத்தார். கோட்டைக் கழற்றக் கைகளைப் பின்னால் கொண்டுபோனார். யாரும் வரவில்லை. ஒரு கணம் அப்படியே இருந்தவர், தாமே உருவி எடுத்து, மடித்து வைத்தார்.

குழாயைச் செருகினார். தண்ணீர் ஊற்றினார். ‘விளக்கு பச்சையாகும் வரை காத்திருங்கள்’ என்று படித்ததும் விறைப்பாக நிமிர்ந்து, அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சிவப்பு. சிவப்பு. பச்சை. திருப்தியாகத் தலையசைத்தார். மாஸ்க்கை மடியில் வைத்தார், பூட்டினார், தொப்பி போல இறக்கினார், இரண்டு முனைகளையும் இழுத்தார். அது முகத்தில் பொருந்தி உட்கார்ந்தது.

வாழ்நாளில் தன் கழுத்துப் பித்தானைத் தானே போட்டறியாத மனிதர் அவர்.

பிறகு படுத்தார். கண்ணாடியை ஒரு முறை பார்த்தார். அதில் அவருக்குத் தெரிந்தது அவர் முகம்தான். மூத்தவளுக்கோ தன்னைத்தான் பார்க்கிறார் என்று இருந்தது. புத்தகம் அவர் நெஞ்சின் மேல் கவிழ்ந்தது. இமைகள் இறங்கின.

அவள் காத்திருந்தாள். இப்போது சத்தம் ஏறும். உச்சிக்கு வரும். நிற்கும். அந்தப் பெரிய மௌனம் வரும்.

வரவில்லை.

மூச்சு வந்தது, போனது. தூரத்துக் கடல் தூங்கிக்கொண்டே கரையைத் தொடுவது மாதிரி வந்தது, போனது. நெஞ்சின் மேல் புத்தகம் படகு போல எழும்பி இறங்கியது. வரைந்த வானம் கூடக் கொஞ்சம் அசைந்தது போலத் தோன்றியது. எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுச் சுவரில் காது வைத்துப் படுத்திருந்தவள், முதல் முறையாக எதற்கும் பயப்படாமல் அந்த மூச்சைக் கேட்டாள். தனக்கே தூக்கம் வந்துவிடும் போல இருந்தது.

“பாஸ்!” கத்தரி மேடம் டிக் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். “ரெண்டு ஆச்சு. நாளைல இருந்து நீ எங்க ஆள்.”

நீட்டின கை அந்தரத்தில் நின்றது. மூத்தவள் அதைப் பார்த்தாள். பிடித்துக்கொண்டால் போதும். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் விதியே இருக்கிறது.

“மேடம், அவர் என் அப்பா.”

“என்னது? கழுத்துல நம்பர் போட்டிருக்கு?”

“எப்படின்னு எனக்கும் தெரியல. ஆனா அப்பாதான். கணக்குல சேராது.”

“நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே.”

“எங்க வீட்டுல அந்தப் பழக்கமில்ல மேடம்.”

சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று அவளுக்கே கேட்டது.

கத்தரி மேடம் பென்சிலை மறுபடி எடுத்தாள். பிறகு போட்ட டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள். “நாளைக்கு மதியம் வரைக்கும்தான் என்னால தள்ளிப் போட முடியும். அதுக்குள்ள வேற ஆள் கிடைக்கலைன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல.” வாசல் வரை போனவள் நின்றாள். “அந்த முதல் வரி இருக்கட்டும்.”

சோதனைதான் செல்லாது என்று ஆகிவிட்டதே, இனி பேசலாம், உள்ளே போகலாம். மூத்தவள் போய்க் கட்டில் அருகே தரையில் உட்கார்ந்தாள். எழுப்பப் போன நர்ஸிடம் வேண்டாம் என்று கை காட்டினாள். அப்போது போன் அதிர்ந்தது.

“உங்கப்பா காலைல போனவர் இன்னும் வரலடி” என்றாள் அம்மா. “இங்கே மாமா வேற வந்து உக்காந்திருக்கார். சாயங்காலம் வரைக்கும் இருந்து உங்கப்பாவைப் பார்த்துட்டுத்தான் போவாராம். எனக்கு ஒரே படபடப்பா இருக்கு.”

“அம்மா, இதைக் கொஞ்சம் கேளு.” போனை அப்பாவின் முகத்தருகே பிடித்தாள்.

“என்ன? ஒண்ணுமே கேக்கலையே.”

“அப்பா தூங்கறாரும்மா.”

 அந்தப் பக்கம் அம்மா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் வந்தது. போனை அவள் வைக்கவில்லை.

அப்பா கண் திறந்தபோது அறையில் அதே சாயங்காலம்தான். எங்கே இருக்கிறோம் என்று விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. மாஸ்க்கை அப்படியே உருவிவிடவில்லை. புத்தகத்தை எடுத்து, கழற்றும் பக்கத்தைத் தேடி, விரல் வைத்துப் படித்து, அதன்படியே கழற்றினார். பிறகுதான் தரையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். நடுவில் டெலிபோன் இல்லாமல் நேராகப் பார்த்தார்.

“மோட்டார் ஓடுச்சா?”

“இல்லப்பா. ஓடவே இல்ல.”

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அழுத்தவில்லை, சும்மா தொட்டார்.

கதவருகே கத்தரி மேடம் வந்து நின்றாள். மாஸ்டர் எழுந்தார். கோட்டைத் தானே மாட்டிக்கொண்டார். ஒரு கை சுலபமாக நுழைந்தது. இன்னொன்று நுழையச் சிரமப்பட்டது. மூத்தவளின் கை தன்னால் எழுந்தது. அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இங்கே அதிகாரி நீங்கதானா? உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். ஒரு விஷயம் கேக்கணும்.”

“கேளுங்க சார்.” கத்தரி மேடம் மிஷினின் மாஸ்க்கை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு கையில் பெயரில்லாத புத்தகமும் இன்னொரு கையில் மாஸ்க்குமாக நிமிர்ந்து நின்றார். எதைக் கேட்பதென்று வீட்டில் தீர்மானித்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அவரிடம் இருந்தது. அதை ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

ஆனால் மாஸ்க்கைக் கொடுக்கவில்லை.